மூன்றாவது லைன்

பல் மருத்துவமனையில் கருவிகளை ஆவியில் வேகவைக்க ஒரு பெட்டி இருக்கும். பிரஷர் குக்கருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கிளினிக்கில் அது இருக்கும் அறை எட்டடிக்கு ஆறடி, ஜன்னல் கிடையாது. என் ஆபீஸ் அதுதான். சம்பளம் வருகிற வேலை முன்பக்க மேஜையில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது. சம்பளம் வராத வேலை இந்த அறையில், சாப்பாட்டு நேரத்தில், ஒன்றிலிருந்து இரண்டு வரை. பதினொரு வருஷமாக இங்கே நின்றுகொண்டேதான் என் தம்பிக்கு நிகழ்ச்சி பிடித்துக் கொடுத்தேன்.

நிகழ்ச்சி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவன் கிட்டார் வாசித்துத் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுகிறவன். சினிமா கிடையாது, பின்னால் கம்பெனி கிடையாது. காபிக் கடை, புத்தகக் கடை மாடி, கல்லூரி விழா என்று போகும். ஒருமுறை கார் ஷோரூமில் பாடினான். இரண்டு கார்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் அவனைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். பாட்டு முடிகிற நேரமெல்லாம் சரியாக ஒரு கதவை 'டப்'பென்று சாத்துவார்கள். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஒரு டயரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எனக்கு மூக்குமேல் கோபம், வாய் கொஞ்சம் நீளம். இதை என் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் போனை எடுத்துவிட்டால் நான் வேறு ஆள். குரலில் தேன் வழியும். மெயில் எழுதினால் 'நாங்கள்' என்றுதான் எழுதுவேன். 'எங்கள் குழு உங்கள் அரங்கத்தைப் பற்றிக் கலந்து பேசியது' என்பேன். குழு என்பது நானும் அந்த வேகிற பெட்டியும். அது சரியான நேரத்தில் 'உஸ்' என்று ஆவி விடும். எதிர்முனையில் இருப்பவர் "பிசியா இருக்கீங்க போலிருக்கே மேடம்" என்பார். "ஆமா சார், ஆபீஸ்ல கொஞ்சம் சத்தம்" என்பேன்.

ஒன்றை மட்டும் எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டேன், அவன் என் தம்பி என்பதை. ஆரம்பத்தில் தெரியாத்தனமாக ஒரு ரெஸ்டாரண்ட் முதலாளியிடம் "என் தம்பி ரொம்ப நல்லா பாடுவான் சார்" என்று சொல்லித் தொலைத்தேன். "அக்கா சொல்லாம வேற யாரும்மா சொல்லுவாங்க?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அன்றையிலிருந்து போனில் அவன் 'எங்க ஆர்ட்டிஸ்ட்'. அவர், இவர் என்று மரியாதையாகப் பேசுவேன். வீட்டுக்கு வந்தால் "ஏண்டா எருமை, துண்டை ஏன் நாற்காலியில போட்டிருக்கே" என்பேன்.

மூன்றாவது லைன் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சங்கீத சாமான்கள் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஒருமுறை ஒரு அரங்கத்துக்காரர் "மானிட்டர் எத்தனை வேணும்?" என்று கேட்டார். "அவர்கிட்ட கம்ப்யூட்டரே இல்ல சார்" என்றேன். மேடையில் பாடுகிறவன் தன் குரலைத் தானே கேட்பதற்குக் காலடியில் வைக்கிற ஸ்பீக்கராம் அது. அந்த நிகழ்ச்சி கைவிட்டுப் போனது. தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். முக்கியமான போன் என்றால் முதலில் நான் அவனைக் கூப்பிட வேண்டும், பிறகு அரங்கத்துக்காரரைச் சேர்க்க வேண்டும். அவன் தன் பக்கம் மியூட்டில் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பான். மைக், தேதி, வயர் என்று எதிரில் எதைக் கேட்டாலும் பதிலை எனக்கு மெசேஜில் தட்டுவான். நான் அதைப் பார்த்து, எனக்கே தெரிந்த மாதிரி, ஒரு பெருமூச்சு விட்டுச் சொல்வேன். இப்படியே எத்தனையோ பேர் என்னைப் பெரிய விஷயம் தெரிந்தவள் என்று நம்பினார்கள். சில நாளில் நானே நம்பினேன்.

இந்த வருஷம் தம்பிக்கு முப்பத்தாறு முடிந்தது. பிறந்தநாள் அன்று அவனே பேச்சை எடுத்தான். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற குளிர்பதனக் கிடங்கில் ஒரு இடம் காலியாக இருந்தது. பெட்டி எண்ணி, ஏற்றி, இறக்கிக் கையெழுத்துப் போடுகிற வேலை. "மாமாகிட்ட பதினஞ்சாம் தேதிக்குள்ள சொல்றேன்னு சொல்லிட்டேன்க்கா" என்றான். "அதுக்குள்ள அந்த ஏழு ஊர் டூர் வந்தா கிட்டாரோட போறேன். வரலேன்னா கிடங்குக்குப் போறேன். அதுக்கப்புறம் நீ யாருக்கும் மெயில் எழுதக் கூடாது. சத்தியமா."

"வாயைக் கழுவு. வரும்" என்றேன்.

என் வீட்டுக்காரர் சாப்பிட்ட கையை நக்கிக்கொண்டே, "கிடங்குல பாடலாம் மாப்ள, யாரும் எழுந்து போக மாட்டாங்க. ஐஸ் பிடிச்சு ஒட்டிக்கிட்டிருப்பாங்க" என்றார். மூவரும் சிரித்தோம். அவர் மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை.

ஏழு ஊர் டூர் என்றால், ஏழு ஊரில் ஏழு சின்ன அரங்குகள். ஒவ்வொன்றிலும் முன்னூறு பேர் உட்காரலாம். ஏழுக்கும் நிகழ்ச்சி தேர்ந்தெடுப்பது ஒரே ஒரு ஒருங்கிணைப்பாளர். அவர் தலையாட்டினால் ஏழு தேதி ஒரே மூச்சில் கிடைக்கும். டிக்கெட் வாங்கிக்கொண்டு, இருட்டில் வாயை மூடி உட்கார்ந்து, பாட்டைக் கேட்பதற்கென்றே வருகிற கூட்டம். அப்படி ஒரு கூட்டத்தின் முன்னால் தம்பி இதுவரை பாடியதே இல்லை. இரண்டு வருஷமாக அந்த ஆளுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அனுப்புவேன். திங்கள் என்றால் எரிச்சலில் இருப்பார்கள், வெள்ளி என்றால் படிக்க மாட்டார்கள். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து 'நினைவூட்டலுக்காக' என்று ஒன்று. ஒருமுறை 'தேதியைப் பென்சிலில் குறித்து வைத்திருக்கிறோம்' என்று பதில் வந்தது. எங்கள் தொழிலில் அதை ஹோல்டு என்பார்கள். உறுதி இல்லை, ஆனால் இல்லை என்றும் இல்லை. நமக்கு முன்னால் வேறு ஆள் ஹோல்டில் இருந்தால் அவன் விட்டால்தான் நமக்கு. பஸ்ஸில் சீட்டில் கைக்குட்டை போட்டு வைக்கிற மாதிரி. அப்படிக் கைக்குட்டை போட்டே பல வருஷம் ஓடிவிட்டது.

கடைசியாக அவர் ஒரு வீடியோ கேட்டார், முழு நிகழ்ச்சியும் வேண்டும், வெட்டி ஒட்டியது வேண்டாம் என்று. எங்களிடம் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று, நூலகத்தின் கீழ்த்தளத்தில் எடுத்தது. அதில் ஒரு சங்கடம் இருந்தது. நாலாவது பாட்டின் நடுவில் தம்பியின் கிட்டார் கம்பி அறுந்துவிட்டது. அவன் குனிந்து கம்பி மாற்றுகிற நேரத்தில், கூடப் பாடுகிற பெண் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் மீதிப் பாட்டைத் தனியாகவே பாடி முடித்தாள். வாத்தியம் எதுவும் இல்லாமல், நாலு நிமிஷம். அவளை நாங்கள் சில்வண்டு என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லிக்குச்சி, இருபத்துமூன்று வயசு, அச்சுக்கடையில் வேலை. இரண்டு பாட்டில் பின்குரல் கொடுக்க வருவாள், முடிந்ததும் தன் நாற்காலியைத் தானே மடக்கி வைத்துவிட்டுப் போவாள்.

அந்த நாலு நிமிஷத்தை மட்டும் வெட்டிவிடலாமா என்று கேட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது.

"வேணாம்க்கா" என்றான் தம்பி. "அந்தப் பொண்ணு எவ்ளோ அழகா சமாளிச்சா. இருக்கட்டும். நாலு பேரு அதையும் பாக்கட்டும்."

அவன் அப்படிப்பட்டவன்தான். அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து, பத்தாம் தேதி, பதில் வந்தது: 'அன்புள்ள மேடம், வியாழன் மதியம் ஒன்றே காலுக்குப் பேசலாமா?' வியாழன் என்றால் பன்னிரண்டாம் தேதி. கிளினிக்கில் ஒருவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னாலேயே குதித்தேன்.

வியாழக்கிழமை தம்பி தன் அறையில் இருந்தான். ஒரு மணிக்கே லைனில் வந்துவிட்டான். "அக்கா, மெதுவா பேசு. அவர் சொல்லி முடிக்கிறதுக்கு முன்னாடி குறுக்க விழாதே."

"டேய், நான் இந்த வேலையைப் பதினொரு வருஷமா பாக்கறேன்."

"அதனாலதான் சொல்றேன்."

"வெச்சுக்கறேன் உன்னை. மியூட்ல போடு."

ஒருங்கிணைப்பாளர் எதையோ மென்றுகொண்டே பேசினார், பிஸ்கட்டாக இருக்கலாம். முதலில் ஒரே புகழ்ச்சி. "மேடம், உங்க மெயிலைக் காட்டித்தான் நான் எங்க ஆபீஸ் ஆளுங்களுக்கு எழுதவே சொல்லித் தர்றேன். எவ்ளோ நாகரிகமா எழுதறீங்க." எனக்குக் கால் தரையில் இல்லை. பொய் சொல்வானேன், அந்த நிமிஷம் தம்பி ஞாபகமே இல்லை. நான், என் மெயில், என் செவ்வாய்க்கிழமை பத்தரை மணி.

"தேதி சொல்றேன், குறிச்சுக்கோங்க. அடுத்த மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை ஆரம்பம். பதினெட்டு நாள்ல ஏழு ஷோ."

ஒவ்வொரு தேதியாகச் சொன்னார். நான் நோயாளிகளின் சீட்டுக்குப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு, எழுதியதைத் திருப்பிச் சொன்னேன். போன் அதிர்ந்தது. தம்பியின் மெசேஜ்: 'எல்லாம் ஃப்ரீ!!! அத்தனையும் ஃப்ரீக்கா!!!' இன்னொன்று: 'மைக் ரெண்டு, கிட்டாருக்கு ஒரு வயர் லைன். போதும்.' அவன் அங்கே கட்டிலில் எழுந்து நின்றிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் காதுக்குள் 'பீப்' என்று ஒரு சத்தம். தம்பியின் போன் பழையது, நாலு வார்த்தை பேசினால் சார்ஜ் இறங்கிவிடும். செத்துத் தொலைத்தது என்று நினைத்தேன். போகட்டும், தேதி கிடைத்துவிட்டது, இனி அவன் எதற்கு.

"மேடம், ஒரு விஷயம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். "ஓப்பனா பேசலாமா?"

"தாராளமா சார். நமக்குள்ள என்ன."

"நான் கேக்கறது அந்தப் பொண்ணை."

"எந்தப் பொண்ணு சார்?"

"அவரு கம்பி மாத்தும்போது பாடினாளே. அந்த நாலு நிமிஷத்தை எங்க ஆபீஸ்ல எட்டு வாட்டி போட்டுப் பாத்தோம் மேடம். எங்க கணக்குப்பிள்ளை, பாட்டுன்னாலே எழுந்து போற மனுஷன், அவரே உக்காந்து பாத்தாரு. ஏழு ஊருக்கும் அவதான் வேணும். அதே பாட்டுங்கதான், ஆனா அவ பாடணும்."

தேதி எழுதிய சீட்டைக் கவிழ்த்து வைத்தேன். இருந்தாலும் குரலில் தேன் நிற்கவில்லை. பழக்கம். "நல்ல யோசனைதான் சார். ஆனா எங்க ஆர்ட்டிஸ்ட் அவருதான். அவங்க பின்குரல்தான் கொடுக்கறாங்க."

"தெரியுது மேடம். நல்ல மனுஷனா தெரியறாரு. எழுதறதும் நல்லாத்தான் இருக்கு. ஆனா பாடறதுன்னு வந்தா…" மென்றதை விழுங்கினார். "உங்களுக்குத் தெரியாததா? வீடியோவுல கூட்டத்தைப் பாத்தீங்களா? அவரு பாடறப்ப, வாட்ச் கட்டாதவன்கூட மணிக்கட்டைத் திருப்பிப் பாக்கறான் மேடம்."

நான் சிரித்துவிட்டேன்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் இருந்தார். அவர் உண்மையிலேயே அதைத்தான் செய்தார். வெறுங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வாட்ச் இல்லை என்பது உறைத்து, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்தார். நான் அன்றைக்கு அதைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன். இந்த ஆளும் அதையே பார்த்திருக்கிறார் என்றதும் அடக்க முடியாமல் வந்துவிட்டது. வாய்விட்டு, மூக்கால் ஒரு சத்தம் வேறு. அவரும் சிரித்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம்.

போன் அதிர்ந்தது.

'லைன்லதான் இருக்கேன்.'

அந்தச் சின்ன அறையில் எனக்குச் சட்டென்று வேர்த்துக் கொட்டியது. பெட்டி வேறு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த பீப் அவன் போன் செத்த சத்தம் இல்லை, என் போனில்தான் சார்ஜ் குறைகிறது என்று காட்டிய சத்தம். அவ்வளவுதான்.

"மேடம்? இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

'ஒத்துக்கோ' என்று வந்தது அடுத்த மெசேஜ்.

"சார், ஒரு சின்ன விஷயம்…" என்று ஆரம்பித்தேன். அவன் என் தம்பி சார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு நாலு வாங்கு வாங்கிப் போனை வைத்திருக்கலாம். வீட்டில் உப்பு கூடிப்போனதற்கெல்லாம் ஊரைக் கூட்டுகிறவள் நான். அந்த ஒரு வார்த்தை மட்டும் சொல்லாமலே இருந்து இருந்து சொல்ல வராமலே போய்விட்டது போலிருக்கிறது.

"சொல்லுங்க மேடம். எனக்கு இன்னைக்கே தெரியணும். இன்னொரு குரூப் ஹோல்டுல நிக்குது."

'அக்கா சொல்லு. தேதி போயிடும். அவளுக்கு அந்த நாளெல்லாம் ஃப்ரீதான். அச்சுக்கடையில நான் பேசிக்கறேன்.'

"அவங்களுக்கு அந்தத் தேதியெல்லாம் ஃப்ரீதான் சார்" என்றேன்.

"சூப்பர் மேடம்."

"கிட்டாருக்கு…" கேட்டது நான்தான், அவன் எழுதவில்லை. "அவரே வாசிக்கட்டுமா சார்? அவரு பாட்டுதானே."

"கிட்டாருக்கு எங்ககிட்ட ஆள் இருக்காங்க மேடம். பாட்டு எழுதினவர்னு அவர் பேரைப் போட்டுடலாம். அடியில, சின்னதா."

போன் மறுபடி அதிர்ந்தது. 'பரவால்ல. ஸ்கேல் மட்டும் சொல்லிடு, பாட்டோட சுருதி. அவளுக்கு ஒரு படி ஏத்தணும், இல்லேன்னா கீழ வரும்போது குரல் அடைக்கும்.'

"சார், கிட்டார்காரர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க" என்று நான் அதைப் படித்தேன். "ஸ்கேலை ஒரு படி மேல வெக்கணும். இல்லேன்னா கீழ வர்றப்ப அவங்களுக்குக் குரல் அடைக்கும்."

"பாத்தீங்களா, இதுதான் மேடம்" என்றார் அவர். "ஒரு ஆர்ட்டிஸ்டைப் பத்தி இவ்ளோ நுணுக்கமா யாரு யோசிக்கறா? அந்தப் பொண்ணு குடுத்து வெச்சவ."

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். தம்பியின் லைன் எப்போது போனது என்று தெரியவில்லை. திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இரண்டு மணிக்கு முன்பக்கம் போய் உட்கார்ந்தேன். ஒரு அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டு சீட்டில் வியாழன் என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் வந்து "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "எனக்கென்ன சார், கல்லு மாதிரி இருக்கேன்" என்றேன். அவர் போனதும் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஆறு மணிக்கு நேராக அவன் அறைக்குப் போனேன். சலவைக்கடையின் மாடி. வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. கீழே இஸ்திரி போடுகிறவர்கள் வாசலில் சட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். படி ஏறும்போதே அவன் குரல் கேட்டது. போனில் சில்வண்டை அதட்டிக்கொண்டிருந்தான்.

"அழுதா எப்படிப் பாடுவே? மூக்கடைச்சுக்கும். நீ மாட்டேன்னு சொன்னா பெரிய மனசுன்னு யாராவது விருதா குடுக்கப் போறாங்க? போ, போய்ப் பாடு. எனக்கா குடுத்தாங்க, நீ புடுங்கிக்கிட்டதுக்கு? ம். சரி. அப்புறம் கூப்பிடு."

என்னைப் பார்த்ததும் போனைக் கட்டிலில் போட்டான். "வாக்கா. டீ போடவா?"

சாதாரணமாகத்தான் கேட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உன்னை யாருடா ஒத்துக்கோன்னு எழுதச் சொன்னது?" என்று கத்தினேன். கீழே இஸ்திரிக்காரர்களுக்குக் கேட்டிருக்கும். "எவனைக் கேட்டு எழுதினே? ரெண்டு நிமிஷம் சும்மா இருந்திருந்தேன்னா, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன் அந்தாளை!"

"கேட்டிருக்க மாட்டேக்கா."

"என்னடா தெரியும் உனக்கு?"

"கேட்டிருக்க மாட்டே" என்றான் மறுபடி. ஸ்டவ்வைப் பற்றவைத்தான். "மாமாகிட்ட போன் பண்ணிட்டேன். திங்கக்கிழமை வரச் சொன்னாரு. குளிருக்கு ஜெர்கின் அவங்களே தர்றாங்களாம். ஷூ மட்டும் நாம வாங்கணும்."

கட்டிலில் உட்கார்ந்தேன். சுவரோரம் கிட்டார் உறைக்குள் போயிருந்தது, ஜிப்பும் இழுத்து மூடியிருந்தது. அவன் டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தான். நான்தான் ஆரம்பித்தேன், வேறு யார் ஆரம்பிப்பது.

"டேய், அவன் அப்படிச் சொன்னப்போ நான் சிரிச்சது… அது மனசுல வெச்சுக்காதேடா. தொழிலுக்குச் சிரிக்கறது. இவனுங்க சொல்ற மொக்கை ஜோக்குக்கெல்லாம் எத்தனை தடவை சிரிச்சிருக்கேன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றான். "அந்தச் சிரிப்பு எனக்கு நல்லாவே தெரியும்க்கா. மியூட்ல உக்காந்து எத்தனை வருஷமா கேக்கறேன். 'ஹ ஹ சார், நீங்க வேற'ன்னு அளந்து சிரிப்பே. நான்கூட இங்க தனியா உக்காந்து அதை மாதிரி சிரிச்சுப் பாத்திருக்கேன்." டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "இன்னைக்குச் சிரிச்சது அது இல்ல. மூக்கால ஒரு சத்தம் வந்துச்சு. அது வீட்டுல சிரிக்கறது."

இந்தப் பதினொரு வருஷத்தில் எத்தனை பேரை வாயால் மடக்கியிருக்கிறேன். 'அரங்கு நிறையும் சார்' என்று காலியான நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். இவன் முன்னால் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

"எப்பலேர்ந்துக்கா?" என்றான்.

"எது?"

"தெரியும் உனக்கு. நான் பாடறது நல்லா இல்லேன்னு எப்பலேர்ந்து தோணுது?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டுப் போயிருப்பேன். மைக் எத்தனை என்று கேட்கிற மாதிரி கேட்டான். தெரிந்தால் குறித்துக்கொள்ளலாம் என்பதுபோல.

"நல்லா இல்லேன்னு இல்லடா…" என்றேன். பிறகு அதையும் முடிக்க முடியவில்லை. "ஆறு வருஷம் இருக்கும்."

தலையை ஆட்டினான். டீயை ஒரு வாய் குடித்தான். கீழே யாரோ ஒரு சட்டையை உதறினார்கள்.

"அந்த ஸ்கூல்ல பாட்டு வாத்தியார் வேலைக்குக் கூப்பிட்டது அஞ்சு வருஷம் முன்னாடி" என்றான். "நான் போறேன்னு சொன்னேன். எனக்குப் போகணும்னுதான் இருந்துச்சு. நீதான், 'இந்தக் குரலை வெச்சுக்கிட்டு சின்னப் பசங்களோட மாரடிக்கப் போறியா'ன்னு சண்டை போட்டே. ரெண்டு நாள் என்கூடப் பேசல."

ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது. அந்த வாரம்தான் ஒரு பெரிய அரங்கிலிருந்து எனக்கு முதல்முதலாகப் பதில் வந்திருந்தது. 'அன்புள்ள மேடம்' என்று ஆரம்பித்திருந்தார்கள். நாள் முழுக்கப் பற்களுக்கு நேரம் குறிக்கிறவளை அதற்கு முன்னால் யாரும் அப்படி எழுதிக் கூப்பிட்டதில்லை. தம்பி வாத்தியாராகப் போய்விட்டால் நான் யாருக்காக எழுதுவேன்? அவன் குரலைப் பற்றி எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் பிடித்து நிறுத்தினேன். அந்த அரங்கும் கடைசியில் ஹோல்டோடு போனது. பள்ளிக்கூடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

இதை அவனிடம் சொல்லவில்லை. அவனும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியாது.

கட்டிலில் கிடந்த போன் அடித்தது. எட்டி எடுத்தான். "சொல்லு. எது, ரெண்டாவது சரணமா? அங்க மூச்சு எடுக்காதே, அதுக்கு முந்தின வரியிலயே எடுத்துக்கோ. பாடு பாக்கலாம். கேக்கறேன்."

காதில் போனை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சுவரில் சாய்ந்துகொண்டான். போனுக்குள் அவள் பாடுவது எனக்கும் மெல்லிசாகக் கேட்டது. அவன் எழுதிய பாட்டுதான். நன்றாக இருந்தது. நான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.